ஓடும் காரில் பவர் போகிறது, ரீகால் வந்தும் பார்ட்ஸ் வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "என் காருக்கு நான்கு வயது. கடந்த ஆண்டில் மூன்று முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் போய்விட்டது. இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். 'எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நிறுவனமே ரீகால் அறிவித்து, அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைத்து, கடிதம் அனுப்பியது. ஐந்து மாதம் ஆகிறது, பார்ட்ஸ் வரவில்லை என்கிறார்கள். இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா? வேறு என்ன வழி?"

முதல் கேள்விக்கு முதலில் பதில். மூன்று முறை பவர் போன வண்டியை, காரணம் தெரியும் வரை வேகச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முந்திச் செல்லும்போதோ, சுரங்கப்பாதையிலோ, பின்னால் லாரி வரும்போதோ நான்காவது முறை நடந்தால் உங்கள் கையில் இருப்பது சில நொடிகள்தான். மெதுவான தெருவில் கட்டாயம் ஓட்ட வேண்டி வந்தால்கூட, எந்த வகையில் பவர் போகிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். எல்லாப் பவர் இழப்பும் ஒன்றல்ல.

நாம் 'பவர் போச்சு' என்று ஒரே வாய்வார்த்தையில் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சின் மட்டும் நின்றுபோவது ஒன்று. டேஷ்போர்டு விளக்குகள் எரியும், பாட்டு பாடிக்கொண்டிருக்கும், ஆனால் எஞ்சின் சத்தம் இருக்காது. பெரும்பாலும் எரிபொருள் வராததோ, சென்சார் ஒன்று சிக்னல் தராததோ காரணமாக இருக்கும். இரண்டாவது, எஞ்சின் ஓடுகிறது, ஆனால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகமெடுக்க மாட்டேன் என்கிறது. இது வண்டியின் கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும் நிலை, லிம்ப் மோடு என்பார்கள். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. மூன்றாவது, எல்லாமே அணைந்துவிடுவது. விளக்கு, பாட்டு, ஸ்டியரிங் உதவி எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி கேபிள், எர்த் இணைப்பு பக்கம் பார்க்க வேண்டிய கோளாறு இது. நான்கையும் வைத்துப் பார்த்தால் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான்காவது, மின்சார மற்றும் ஹைபிரிட் வண்டிகளுக்கே உரியது. பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கும், ஆனால் அதிலிருந்து சிறிய 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் பகுதி பழுதாகியிருக்கும். எச்சரிக்கை வரும், பவர் படிப்படியாகக் குறையும், கடைசியில் வண்டி நின்றுவிடும்.

உங்கள் மூன்று சம்பவங்களும் இதில் எந்த வகை என்று இப்போதே, நினைவு இருக்கும்போதே, எழுதி வையுங்கள். எதற்காக என்பது போகப்போகப் புரியும்.

அதற்கு முன், ஓட்டத்தில் நடந்தால் கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். ஸ்டியரிங் கனமாகிவிடலாம், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் போதும். பிரேக்கும் வேலை செய்யும். பெட்ரோல், டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சின் நின்ற பிறகும் ஓரிரு அழுத்தலுக்கு மிச்சம் இருக்கும். அதனால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப விட்டு மிதிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்த மிச்சமும் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஒரே அழுத்தாக, விடாமல் மிதித்து ஓரம் கட்டுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைக் கடைசி வரை திருப்பி வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாலை காலியாக இருந்தால் நியூட்ரலுக்குப் போய் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஆனால் ஓரம் கட்டுவதுதான் முதல் வேலை. நின்ற பிறகு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நின்றுவிட்டது தெரியாது.

சரி, இப்போது புகார் விஷயத்துக்கு வருகிறேன். நான் பல ஆண்டுகள் வண்டிகளின் மின் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவன். அதிலிருந்து எனக்குத் திடமாகத் தெரிந்த ஒன்று: ஒரு புகாரின் தலையெழுத்து பெரும்பாலும் அதை முதல் முறை எழுதும் சொற்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 'பிக்கப் இல்லை' என்று எழுதினால் அது சௌகரியக் குறை. '80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நின்றது' என்று எழுதினால் அது பாதுகாப்புக் குறை. ஒரே சம்பவம்தான். ஆனால் இரண்டும் இரண்டு வேறு மேஜைகளுக்குப் போகும்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயன் போன்ற சிறிய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் மிகவும் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, பள்ளத்தில் வண்டி குலுங்கினாலோ சாவி தானாக ஒரு படி நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் உதவி போகும். 2004, 2005 வாக்கிலேயே நிறுவனத்துக்கு இந்தப் புகார்கள் வந்துவிட்டன. 2005இல் டீலர்களுக்கு ஒரு குறிப்பும் போனது: சாவிக்கொத்தில் இருக்கும் தேவையற்றவற்றைக் கழற்றச் சொல்லுங்கள், சாவியின் நீளத் துளைக்கு ஒரு சிறிய அடைப்பு கொடுங்கள் என்று. அவ்வளவுதான். வண்டியைத் திருப்பவும் முடிகிறது, பிரேக்கும் பிடிக்கிறது, ஆகவே இது 'வாடிக்கையாளர் சௌகரியம்' சம்பந்தப்பட்ட விஷயம் என்று உள்ளே வகைப்படுத்தி வைத்துவிட்டார்கள். 2014இல் நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் குழுவின் விசாரணை அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது.

அவர்கள் கோட்டைவிட்ட விஷயம் ஒன்றே ஒன்று. சாவி அந்தப் படிக்கு நழுவினால் ஏர்பேகும் அணைந்துவிடும். பவர் போய், கட்டுப்பாடு இழந்து, மரத்திலோ இன்னொரு வண்டியிலோ மோதும் அந்த நொடியில் ஏர்பேக் விரியாது. எல்லாம் ஒரே நேரத்தில் அணையும் வகைக்கு நான் ஏன் அதிகம் பயப்படுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். வண்டி நிற்பதோடு, மோதினால் காப்பாற்ற வேண்டியதும் தூங்கிவிடுகிறது.

2014இல் தொடங்கிய ரீகால் சில வாரங்களிலேயே உலகளவில் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் தொட்டது. நிறுவனம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி 124 மரணங்களை இந்தக் குறையோடு தொடர்புடையவை என்று ஏற்றுக்கொண்டது. இதில் என் மனத்தை விட்டு அகலாத பகுதி ஒன்று உண்டு. 2006இல் அந்த சுவிட்சின் உள்ளே ஒரு சிறு பாகத்தை மாற்றிச் சரிசெய்திருக்கிறார்கள், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால், பழைய வண்டிகள் மட்டும் ஏன் நிற்கின்றன என்று நிறுவனத்துக்குள்ளேயே தேடியவர்களுக்குப் பல ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தவர் வெளியாள். விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் அவர். புது சுவிட்ச் ஒன்றை வாங்கி, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த ஸ்பிரிங்கின் நீளம் வேறாக இருந்தது. பத்து ஆண்டுக் குழப்பத்துக்கான விடை உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்பிரிங்கில் இருந்தது.

எனக்கும் ஒரு சம்பவம் உண்டு. குடும்பத்தோடு போகும்போது, மழையில், ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றது. எதிரே வந்தவர் வேகத்தைக் குறைத்ததால் இன்று இதை எழுதுகிறேன். மறுநாள் சர்வீஸ் சென்டரில் நடந்ததை முழுவதும் சொன்னேன். வண்டியை எடுக்கப் போனபோது ஜாப் கார்டில், அதாவது நம் புகாரையும் செய்த வேலையையும் அவர்கள் பதிவு செய்யும் தாளில், இருந்தது இவ்வளவுதான்: 'பிக்கப் குறைவு. சோதித்ததில் சரியாக உள்ளது.' இந்த வேலையிலேயே இருந்த நானே அன்று அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த முறை போனபோது, 'முன்பு எஞ்சின் நின்றதாக நீங்கள் சொன்னதற்குப் பதிவே இல்லையே' என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பதிவு இல்லைதான்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஜாப் கார்டில் உங்கள் சொற்கள் அப்படியே வர வேண்டும் என்று நின்று வாங்குங்கள். சர்வீஸ் அட்வைசர் சுருக்கி எழுதினால், நீங்களே ஒரு தாளில் எழுதி, 'இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"இந்தத் தேதி, மாலை 6.40 மணி. மீட்டரில் 41,200 கிலோமீட்டர். ஏறுமுகமான சாலையில் 75 கிலோமீட்டர் வேகத்தில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, கால் மணி நேரம் ஓட்டிய பிறகு எஞ்சின் நின்றது. முன்கூட்டி எச்சரிக்கை எதுவும் இல்லை. டேஷ்போர்டு விளக்குகள் எரிந்தன. ஸ்டியரிங் கனமாகியது. பின்னால் வந்த பேருந்து விலகிச் சென்றது. ஓரம் கட்டி இரண்டு முறை முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. வண்டியில் நான்கு பேர் இருந்தோம்."

இதில் கோபம் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? நிறுவனத்தைத் திட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆனால் இதைப் படிக்கும் எந்தப் பொறியாளரும் இதைச் சௌகரியக் குறை என்று ஒதுக்கிவைக்க முடியாது. 'பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது' என்ற ஒரு வரி போதும், சூட்டில் ஏதோ சிக்கி, ஆறியதும் விடுபடுகிறதோ என்று தொழில் தெரிந்தவருக்கு யோசனை ஓடும்.

'எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று அவர்கள் சொல்வது பல சமயம் உண்மைதான். கோளாறு வந்து வந்து போகும் வகை. வண்டி சூடாக, ஏற்றத்தில், ஏசி போட்டு ஓடும்போது வரும் கோளாறு, காலையில் குளிர்ந்த எஞ்சினோடு நான்கு தெரு சுற்றினால் வராது. ஸ்கேனர் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். வண்டியின் கம்ப்யூட்டர் எதைக் கண்காணிக்கச் சொல்லப்பட்டிருக்கிறதோ அதைத்தான் பதிவு செய்யும். பாகம் ஒன்று மெல்லத் தளர்வதற்கு எப்போதும் ஒரு 'கோடு' (code, கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்) இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இவை. எஞ்சின் மட்டுமின்றி எல்லா கண்ட்ரோல் யூனிட்களிலும் பழைய கோடுகள், உறுதியாகாமல் காத்திருக்கும் கோடுகள் இரண்டையும் பார்த்து அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். கோடு விழுந்த நொடியில் வேகம், வெப்பம், எஞ்சின் சுழற்சி எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிடித்துவைக்கும் பதிவு ஒன்று உண்டு, ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். அதையும் கேளுங்கள். எரிபொருள் அழுத்தத்தை நின்ற இடத்தில் பார்க்காமல் ஓட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, கோளாறு வந்த அதே நேரத்தில், அதே மாதிரிச் சாலையில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். இன்னொன்று மிக முக்கியம்: வண்டியைக் கொடுப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றாதீர்கள், கையில் ஸ்கேனர் இருந்தாலும் கோடுகளை அழிக்காதீர்கள். படித்து, போட்டோ எடுத்து விட்டுவிடுங்கள். ஆதாரத்தை நாமே துடைத்துவிட்டு அப்புறம் தேடுவது எவ்வளவு வேதனை என்று பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இனி தாமதம். ரீகால் அறிவிப்பதும் பழுது நீக்குவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல என்பதை யாரும் நமக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. குறை உறுதியானதும் நிறுவனம் அரசுக்குச் சொல்ல வேண்டும், உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், குறை என்று முடிவான ஐந்து வேலை நாளுக்குள் அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவுக்கும், அதன் பின் 60 நாளுக்குள் உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த நாளில் சரியான மாற்றுப் பாகம் தயாராக இருக்கும் என்று பொருள் இல்லை. அதனால் இரண்டு கடிதங்கள் வருவதுண்டு. முதல் கடிதம் 'உங்கள் வண்டியில் குறை இருக்கிறது' என்று சொல்லும். 'பழுது நீக்கத் தயார், வாருங்கள்' என்று சொல்வது இரண்டாவது கடிதம். உங்கள் கையில் இருப்பது எது என்று எடுத்துப் பாருங்கள். ஐந்து மாதமாக நீங்கள் காத்திருப்பது இரண்டாவது கடிதத்துக்காகவே இருக்கலாம்.

ஏன் இவ்வளவு நாள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். டென்சோ என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த எரிபொருள் பம்ப் ஒன்று. அதன் உள்ளே பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். இம்பெல்லர் என்பார்கள். சில தொகுதிகளில் அந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைந்துவிட்டது. அது எரிபொருளைக் குடித்து உப்பும், உப்பியதும் பம்பின் உடலில் உரசும், உரசிச் சிக்கும். பம்ப் நின்றால் எஞ்சினும் நிற்கும். 2020 ஜனவரியில் டொயோட்டா இதற்காக அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் உலகளவில் அது 58 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதே வகைக் குறைக்காக 2023 டிசம்பரில் ஹோண்டா அமெரிக்காவில் மட்டும் சுமார் 25 லட்சம் வண்டிகளை அழைத்தது. பழைய பம்பைக் கழற்றி அதே பம்பையே போட முடியாது. புதிதாக வடிவமைத்து, சோதித்து, அத்தனை லட்சம் செய்ய வேண்டும். அதே சமயம் புது வண்டிகளுக்கும் பம்ப் வேண்டும். இந்த இழுபறியில்தான் உங்கள் ஐந்து மாதம் கரைகிறது.

இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால்தான் எங்கே அழுத்துவது என்று தெரியும். பாகம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் இருக்கிற பாகம் முதலில் யாருக்குப் போகிறது என்பது ஒருவர் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. ரீகால் பட்டியலில் இருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு இன்னும் தலைகாட்டியிருக்காது, அவற்றுக்கு முன்னெச்சரிக்கையாகத்தான் மாற்றுகிறார்கள். உங்களுடையது ஏற்கெனவே மூன்று முறை நின்ற வண்டி. இந்த வேறுபாட்டை எழுத்தில் சொல்லுங்கள்: 'என் வண்டியில் குறை வெளிப்பட்டுவிட்டது, முன்னுரிமை கொடுங்கள்.' நல்ல ஜாப் கார்டு கையில் இருந்தால் இந்த வரிக்கு எடை உண்டு. இல்லையென்றால் நீங்களும் பட்டியலில் இன்னொரு சேஸி நம்பர்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வண்டி நின்றதற்கும் ரீகாலுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? பலர் இதைக் கேட்பதே இல்லை. ரீகால் எரிபொருள் பம்புக்காக இருக்கும், உங்கள் வண்டி நிற்பது எர்த் கேபிள் தளர்ந்ததால் இருக்கும். ஆறு மாதம் காத்திருந்து பம்பை மாற்றி, அடுத்த வாரமே மறுபடி நின்றால் எப்படி இருக்கும்? 'பார்ட்ஸ் வந்ததும் சரியாகிவிடும்' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இப்போதே காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மேலே நான் எழுதிவைக்கச் சொன்ன நான்கு வகை இங்கேதான் உதவும். எல்லா விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் பம்ப் மேல் பழிபோட முடியாது.

காத்திருக்கும் காலத்துக்கு என்ன கேட்கலாம்? மாற்று வண்டி கேளுங்கள். பல நிறுவனங்கள் பாதுகாப்பு ரீகாலுக்கு மாற்று வண்டி தருகின்றன, ஆனால் கேட்காதவருக்குத் தானாக வந்து கொடுப்பது அரிது. ஜெனரல் மோட்டார்ஸ் ரீகாலில்கூட, பாகம் வரும் வரை சாவியை மட்டும் தனியாக வைத்து ஓட்டுங்கள் என்ற அறிவுரையோடு, பயப்படுகிறவர்களுக்கு மாற்று வண்டியும் தந்தார்கள். தரமுடியாது என்றால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டியை ஓட்டிவருவது ஆபத்து என்றால் கட்டியிழுத்துச் செல்லும் செலவு அவர்களுடையது என்று கேளுங்கள். பாகத்துக்கு ஆர்டர் போட்ட தேதியையும் ஆர்டர் எண்ணையும் வாங்கிவையுங்கள். 'சொல்லி வைத்திருக்கிறோம்' என்பது ஆர்டர் அல்ல. ரீகாலுக்கு முன்பு இதே கோளாறுக்காக நீங்கள் சொந்தப் பணம் செலவழித்திருந்தால் ரசீதுகளைத் தேடி எடுங்கள். அமெரிக்க விதிகளில் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. மற்ற இடங்களிலும் கேட்டு வாங்கியவர்கள் உண்டு.

அரசு அமைப்பிடமும் புகார் கொடுங்கள். ரீகால் அறிவித்தாகிவிட்டதே, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நிட்சா, பிரிட்டனில் டிவிஎஸ்ஏ, ஜப்பானில் நிலம் மற்றும் போக்குவரத்து அமைச்சகம் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு, புகார்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் அரசே ரீகாலைக் கட்டாயமாக்க வழி இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: பழுது நீக்க வண்டியைக் கொடுத்து 60 நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால், நியாயமான காலத்தில் செய்யத் தவறியதற்கு அதுவே முதல்நிலைச் சான்று. அதன் பிறகு மாற்று வண்டியோ, பணத்தைத் திருப்பித் தருவதோ என்ற பேச்சு தொடங்கும். உங்கள் நாட்டில் இதற்கு இணையான வரி எது என்று ஒரு நுகர்வோர் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் எங்கே போனாலும், வண்டியை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். போனில் கேட்டதாகச் சொன்னால் கணக்கில் வராது.

புகார்களுக்கு உண்மையில் பலன் உண்டா? உண்டு. ஃபோர்டின் மஸ்டாங் மாக்-இ மின்சார கார் கதையைப் பாருங்கள். வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போதும், ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் காண்டாக்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி, ஓட்டத்தில் பவர் போனது. 2022 ஜூனில் சுமார் 49 ஆயிரம் வண்டிகளுக்கு ரீகால். தீர்வாகக் கொடுத்தது ஒரு மென்பொருள் மாற்றம். சூட்டைக் கண்காணித்து பவரைக் குறைக்கும், பாகம் அதேதான். சரிசெய்த பிறகும் வண்டிகள் நின்றன. அந்த உரிமையாளர்கள் சலித்து விட்டுவிடவில்லை, மறுபடியும் எழுதினார்கள். 2023 ஆகஸ்டில் நிட்சா அந்தத் தீர்வு போதுமானதா என்று விசாரிக்க ஆரம்பித்தபோது அதன் கையில் இருந்தவை 12 புகார்கள். 49 ஆயிரம் வண்டிகளில் 12 பேர்! அக்டோபரில் சுமார் 35 ஆயிரம் வண்டிகளுக்கு இரண்டாவது ரீகால் வந்தது. இந்த முறை பாகத்தையே மாற்றிக் கொடுத்தார்கள்.

ஹூண்டாய், கியா மின்சார வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஐசிசியு என்ற பகுதியிலும் இதேபோல்தான். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் சுமார் 1.47 லட்சம் வண்டிகளுக்கு ரீகால். நவம்பரில் மறுபடி சுமார் 2.08 லட்சம். முதல் ரீகாலில் பழுது நீக்கிய வண்டிகளும் இரண்டாவதில் மீண்டும் வரவேண்டியிருந்தது.

அதனால் உங்கள் வண்டிக்குப் பார்ட்ஸ் வந்து, மாற்றி, சாவி கைக்கு வந்த பிறகும் கோப்பை மூடிவிடாதீர்கள். பாகத்தை மாற்றினார்களா, மென்பொருள் மட்டும் ஏற்றினார்களா என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மாற்றியது பாகம் என்றால் புது பார்ட் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பார்ட் நம்பர் எத்தனை ஆண்டுகளை விழுங்கும் என்று மேலே பார்த்தோம். முதல் சில வாரங்கள் வேகச் சாலைகளைத் தவிர்த்து, முன்பு கோளாறு வந்த அதே நிலைமையில், ஆனால் ஒதுங்க இடம் இருக்கும் சாலையில் ஓட்டிப் பாருங்கள். மறுபடி நின்றால் அன்றே எழுதுங்கள். 'ரீகால் பழுது நீக்கிய பிறகும் நின்றது' என்ற சொற்கள் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த நிலையில் எல்லோருக்கும் மனத்தில் ஓடுவது: வண்டியை விற்றுவிடலாமா? விற்கலாம். ஆனால் வாங்குகிறவரிடம் மூன்று முறை நின்றதையும், ரீகால் நிலுவையில் இருப்பதையும் சொல்லி, கடிதத்தையும் ஜாப் கார்டுகளையும் அவர் கையில் கொடுத்து விற்க வேண்டும். வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டாவது கடிதம் பழைய உரிமையாளரான உங்கள் வீட்டுக்கே வரும், வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அது போய்ச் சேரவே சேராது.